பாயை நனைக்கும் பிள்ளைகள்: சிவகாசி வட்டாரத்தில் எண்ணப்படாத ஒரு கணக்கு

சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பக்கம் ஏதாவது ஒரு தொடக்கப் பள்ளியின் 2ஆம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால், அவர்களில் நாலு பேர் இன்னமும் இரவில் பாயை நனைப்பவர்களாக இருக்கக்கூடும். 7 வயதில் நூற்றுக்குப் பத்துப் பேர் என்பது உலகின் பல பகுதிகளிலும் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கும் அளவு. அதை இந்த வகுப்பறைக்குப் பொருத்திப் பார்த்த கணக்கு இது. அந்த நாலு பேரில் எவருக்கும் மற்ற மூவரைப் பற்றித் தெரியாது. ஊரிலேயே தனக்கு மட்டும்தான் இந்தக் கேடு என்று ஒவ்வொரு பிள்ளையும் நினைத்துக்கொண்டிருக்கும். அவர்களுடைய அம்மாமார்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். வகுப்பு ஆசிரியருக்கோ அந்த நாலு பேர் யார் என்றே தெரியாது.

இந்த ஊர்கள் அடங்கிய விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி நாற்பது ஆண்டுகளாக நிறைய எழுதப்பட்டிருக்கிறது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பிள்ளைகள், பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள், பொதுத்தேர்வில் மாநிலத்தின் முன்வரிசைக்கு மாவட்டத்தைக் கொண்டுபோன பிள்ளைகள் எல்லோரும் அந்த எழுத்துகளில் உண்டு. இரவில் பாயை நனைக்கும் பிள்ளை மட்டும் எங்கும் இல்லை. மற்ற குறைகள் பகலில் தெரிகின்றன. இது விடிவதற்குள் அலசி உலர்த்தப்பட்டுவிடுகிறது.

இந்தக் கட்டுரை மூன்று கேள்விகளைப் பிரித்துப் பார்க்கிறது. இது எத்தனை பேருக்கு இருக்கிறது? ஏன் வருகிறது? பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் ஒரு வட்டாரத்தில் இது எந்த வடிவம் எடுக்கிறது? சுருக்கமாகச் சொன்னால், நனைவது உடம்பின் கணக்கு. அதை மறைப்பதும் அதற்காக அடிப்பதும் ஊரின் கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் பிள்ளை தண்டிக்கப்படுகிறது.

எத்தனை பேர்?

மருத்துவ வரையறையில் 5 வயதுக்குக் கீழே இது ஒரு நோயே இல்லை. 5 வயது முடிந்த பிறகும் தூக்கத்தில் சிறுநீர் போனால்தான் அதற்கு ஒரு பெயர் கொடுக்கிறார்கள். வாரத்தில் இரண்டு முறையாவது, தொடர்ந்து மூன்று மாதம் நடந்தால் மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது மனநல மருத்துவக் கையேடுகளின் கடுமையான அளவுகோல். ஆய்வுக்கு ஆய்வு எண்கள் மாறுவதற்குப் பெருமளவு இதுவே காரணம். இங்கிலாந்தின் ஏவன் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஏழரை வயதில் எப்போதாவது நனைப்பவர்களையும் சேர்த்தால் 15.5 விழுக்காடு, வாரம் இரண்டு முறையாவது நனைப்பவர்களை மட்டும் எடுத்தால் 2.6 விழுக்காடுதான். ஒரே ஊர், ஒரே பிள்ளைகள். கேட்கும் கேள்வி மாறினால் விடை ஆறு மடங்கு மாறுகிறது.

ஆசியாவில் நடந்த மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று ஹாங்காங்கில் நடந்தது. 5 முதல் 19 வயதுவரை 16,512 பேரைப் பற்றிய விவரங்கள் அதில் திரட்டப்பட்டன. 5 வயதில் 16 விழுக்காடு, 7 வயதில் 10 விழுக்காடு, 19 வயதில் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்று 2006இல் அதன் முடிவு வெளியானது. மும்பைப் பள்ளிகளில் 6 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் என்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் பெங்களூரு நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் குழந்தைகளின் மனநலம் பற்றி ஓர் ஆய்வு நடந்து 2005இல் வெளிவந்தது. 4 முதல் 16 வயதுவரையான பிள்ளைகளிடம் அதிகம் காணப்பட்ட குறைகளின் வரிசையில் அச்சம், துறுதுறுப்பு, திக்குவாய் ஆகியவற்றோடு படுக்கை நனைத்தலும் முன்னணியில் நின்றது. கடல் தாண்டியும் மொழி தாண்டியும் இந்த எண்கள் பெரிதாக விலகவில்லை. சிவகாசி மட்டும் விதிவிலக்காக இருக்க முகாந்திரம் எதுவும் இல்லை.

ஆண் பிள்ளைகளிடம் இது பெண் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு. வயது ஏற ஏறத் தானாகக் குறைந்துவிடும் என்பதும் உண்மை. பெல்ஃபாஸ்ட் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த இரு மருத்துவர்கள் 1974இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: எந்த வைத்தியமும் இல்லாமலே ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் இதிலிருந்து விடுபடுகிறார்கள். 'வளர்ந்தால் சரியாப் போயிரும்' என்று பாட்டிமார் சொல்லும் சொல்லுக்கு இப்படி ஓர் ஆதாரம் உண்டு.

ஆனால் அந்த ஆறுதலுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சரியாகிப் போகிறவர்கள் பெரும்பாலும் எப்போதாவது நனைப்பவர்கள். தினமும் நனைப்பவர்கள் கடைசிவரை தங்கிவிடுகிறார்கள். ஹாங்காங் ஆய்வில், பாயை நனைக்கும் சிறுவர்களில் வாரம் மூன்று இரவுக்கு மேல் நனைத்தவர்கள் பாதிக்கும் குறைவு. பதின்ம வயதினரிடம் அதே அளவு 80 விழுக்காட்டைத் தாண்டியது. எனவே 6 வயதுப் பிள்ளைக்குப் பாட்டி சொல்லும் ஆறுதல் போதும். 12 வயதில் தினமும் நனைக்கும் பிள்ளைக்கு அதையே சொன்னால், வைத்தியம் பார்க்க வேண்டிய காலத்தைத் தட்டிக் கழிக்கிறோம் என்று பொருள்.

உடம்புக்குள் நடப்பது

சோம்பல், திமிர், வளர்ப்புக் கோளாறு, பயம் என்று இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பல. ஜப்பானிலும் கொரியாவிலும் நெருப்போடு விளையாடும் பிள்ளை இரவில் படுக்கையை நனைக்கும் என்று பெரியவர்கள் மிரட்டுவதுண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மேலைநாட்டு மருத்துவர்கள் பலர் இதை மனத்தின் கோளாறாகவே பார்த்தார்கள். கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி அந்தப் பார்வையைப் புரட்டிப் போட்டுவிட்டது. இன்று மூன்று காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. மூன்றும் உடம்பைச் சேர்ந்தவை.

முதலாவது, இரவில் சுரக்கும் சிறுநீரின் அளவு. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரெசின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகத்திடம் 'தண்ணீரைப் பிடித்து வை' என்று சொல்லும் ஹார்மோன் இது. பெரும்பாலோருக்கு இரவில் இதன் அளவு கூடுகிறது, சிறுநீர் குறைகிறது. அதனால்தான் நாம் எழாமல் விடியும்வரை தூங்குகிறோம். 1980களில் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகர ஆய்வாளர்கள், படுக்கையை நனைக்கும் பிள்ளைகள் பலரிடம் இந்த இரவு ஏற்றம் நிகழவில்லை என்பதைக் கண்டறிந்தார்கள். பகலில் சுரப்பதுபோலவே அவர்களுக்கு இரவிலும் சிறுநீர் சுரக்கிறது.

இரண்டாவது, பையின் கொள்ளளவு. வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் ஒரு பிள்ளையின் சிறுநீர்ப்பை எத்தனை மில்லிலிட்டர் கொள்ளும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 7 வயதுக்கு 240 மில்லி. சிலருக்குப் பை அந்த அளவை எட்டும் முன்பே சுருங்கத் தொடங்கிவிடுகிறது. சுரப்பது 300 மில்லி, பிடிப்பது 150 மில்லி என்றால் மிச்சம் எங்கே போகும் என்பது எளிய கணக்கு.

மூன்றாவதுதான் திறவுகோல்: விழிப்பு. பை நிறைந்ததும் எல்லாப் பிள்ளைகளும் நனைப்பதில்லை. பலர் எழுந்து போகிறார்கள். நனைக்கும் பிள்ளைக்குப் பையிலிருந்து போகும் செய்தி மூளையை எழுப்புவதில்லை. 'இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான்' என்று தாய்மார் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இதை நிம்மதியான தூக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. கடுமையாக நனைக்கும் பிள்ளைகளின் மூளை அலைகளை இரவு முழுவதும் பதிவு செய்த ஹாங்காங் ஆய்வாளர்கள் 2008இல் வியப்பான ஒன்றைச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளின் தூக்கம் ஆழமற்றது, அடிக்கடி கலைவது. ஆனாலும் அவர்களால் முழுவதுமாக விழிக்க முடிவதில்லை. நிறைந்த பை இரவெல்லாம் தட்டிக்கொண்டே இருக்கிறது. கதவு மட்டும் திறப்பதில்லை. அப்படிப்பட்ட பிள்ளை மறுநாள் வகுப்பில் கண் செருகி உட்கார்ந்திருந்தால் அதைச் சோம்பல் என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

இவற்றுக்கெல்லாம் பின்னால் பரம்பரை இருக்கிறது. நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் ஹாரி பேக்வின் 1970களில் வெளியிட்ட கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பெற்றோர் இருவருக்கும் சிறுவயதில் இந்தப் பழக்கம் இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 77 விழுக்காடு. ஒருவருக்கு இருந்திருந்தால் 44. இருவருக்கும் இல்லாவிட்டால் 15. டென்மார்க் குடும்பங்களில் 13ஆம் குரோமோசோமோடு இதற்குள்ள தொடர்பு 1995இல் காட்டப்பட்டது. பிள்ளையை அடிக்கக் கை ஓங்கும் அப்பா, முதலில் தன் அம்மாவிடம் போய்த் தன்னுடைய சிறுவயதைப் பற்றி விசாரித்துவிட்டு வருவது நல்லது.

துணைக் காரணங்களில் முதலாவது மலச்சிக்கல். குடலில் கட்டிப்போன மலம் முன்னாலிருக்கும் சிறுநீர்ப்பையை நெருக்குகிறது. அமெரிக்காவின் அயோவாவில் நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள பிள்ளைகளை ஆராய்ந்தபோது மூவரில் ஒருவர் இரவில் நனைப்பவராக இருந்தார். மலச்சிக்கல் தீர்ந்ததும் அப்படி நனைத்தவர்களில் 63 விழுக்காட்டினருக்கு நனைவதும் நின்றது. மூக்கின் பின்புறச் சதை வளர்ந்து, வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளைகளிடமும் இது கூடுதல். சிறுநீர்ப் பாதைத் தொற்றும், திடீரெனத் தொடங்கும் முதல் வகைச் சர்க்கரை நோயும் சிலருக்குக் காரணமாகலாம். எனவே ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி தொடங்கினால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அது மேலே சொன்ன பரம்பரைக் கணக்கில் அடங்காது. நோயோ, மனத்தில் விழுந்த அடியோ பின்னால் இருக்கலாம்.

மூன்று மணிக்கு எழுப்பப்பட்ட ஊர்

சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்து நூறாண்டுக்கு மேலாகிறது. கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் போட்ட விதை அது. பட்டாசும் அச்சுத் தொழிலும் பின்னால் சேர்ந்தன. மழை பொய்க்கும் கரிசல் மண்ணில் விவசாயத்தை நம்பியிருக்க முடியாத குடும்பங்களுக்கு அவை சோறு போட்டன. அந்தச் சோற்றுக்குக் கொடுத்த விலையில் பிள்ளைகளின் தூக்கமும் ஒன்று.

1983இல் ஸ்மிது கோத்தாரி ஓர் ஆங்கில ஆய்விதழில் எழுதிய கட்டுரையும், 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படமும் இந்த வட்டாரத்தை உலகத்தின் கண்முன் நிறுத்தின. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிவந்த ஆலைப் பேருந்துகளைப் பற்றி அக்காலப் பதிவுகள் பேசுகின்றன. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் போன அந்தப் பிள்ளைகள் 45,000 பேர் என்று அன்று பரவலாகச் சொல்லப்பட்டது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கல்வி உரிமைச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. இன்று அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். விடியலில் ஆலை வண்டி ஏறுவது பெரியவர்கள், அவர்களில் பெருந்தொகையினர் பெண்கள்.

இங்கேதான் ஊரின் கணக்கு தொடங்குகிறது. பட்டாசு மருந்துதான் பிள்ளையின் உடம்பைக் கெடுத்து இப்படி நனைக்க வைக்கிறது என்று சொல்லிவிட்டால் கேட்பதற்குப் பரபரப்பாக இருக்கும். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி ஆகியவற்றால் தொழிலாளிக்கு வரும் கேடுகள் உண்டு. ஆனால் படுக்கை நனைவதற்கு மருத்துவம் அறிந்திருக்கும் காரணங்களில் அவை இல்லை. அம்மா வேலைக்குப் போவதால்தான் பிள்ளை நனைக்கிறது என்ற பேச்சுக்கும் இதே பதில். வேலைக்குப் போகாத அம்மாக்களின் பிள்ளைகளும் நனைக்கிறார்கள்.

வட்டாரம் மாற்றுவது வேறு சிலவற்றை. முதலாவது, விடியற்காலை. விடிந்தால் ஆலை வண்டி தெருமுனைக்கு வந்துவிடும். அதற்குள் சோறாக்கி, தூக்குச்சட்டி நிரப்பி, பிள்ளைகளைக் கிளப்பிவிட வேண்டும். அந்த நேரத்தில் நனைந்த பாய், போர்வை, பக்கத்தில் படுத்த தம்பியின் சட்டை என்று ஒரு குவியல் சேர்ந்தால் அது அரை மணி நேர வேலை. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவளுக்கு நேரம்தான் காசு. இந்த மாவட்டத்தில் குழாய்த் தண்ணீர் தினமும் வராத ஊர்கள் பல. சில நாளைக்கு ஒருமுறை பிடித்து வைத்த தண்ணீரில் நாலு குடம் பாய் அலசப் போய்விடும். தாயின் கோபத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கு நிற்கிறது. பிள்ளையின் முதுகில் விழும் அடி அவள் கொடுமைக்காரி என்பதைக் காட்டவில்லை. அவளுக்கு அவகாசம் இல்லை என்பதைத்தான் காட்டுகிறது. ஆனாலும் அடி அடிதான். பிள்ளைக்கு அது வலிக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது, பகல். பகல் நேரமும் இரவைத் தீர்மானிக்கிறது. பள்ளிக் கழிப்பறை நாறுகிறது, கதவில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள்; வந்தாலும் அடக்குவார்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகள். கரிசல் வெயிலில் நாளெல்லாம் காய்ந்துவிட்டு, மாலை வீடு திரும்பியதும் சொம்பு சொம்பாகக் குடிப்பார்கள். குடித்ததில் பெரும்பங்கு இரவில்தான் பைக்குப் போகும். குறைந்த தண்ணீரால் மலமும் இறுகும். பகலில் நன்றாகக் குடிக்கச் சொல்லி, மாலை ஐந்து மணிக்குப் பிறகு நாளின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் குடிக்கும்படி பிரித்துக் கொடுப்பதுதான் உலகமெங்கும் சொல்லப்படும் முதல் வைத்தியம். எங்கள் பள்ளிக்கூட நாள் அதை அப்படியே தலைகீழாக்கி வைத்திருக்கிறது. இரவில் கருவேலங்காட்டுப் பக்கம் போக வேண்டிய வீடுகளில், விழித்துக்கொள்ளும் பிள்ளைகூட இருட்டுக்குப் பயந்து அடக்கிக்கொண்டு படுத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, விபத்து. பட்டாசு ஆலை வெடித்து 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல். இவை பெரிய செய்தியானவை. ஒன்றும் இரண்டுமாக உயிர் போகும் விபத்துகள் ஆண்டுதோறும் நடக்கின்றன. நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது, உரிமம் நிறுத்தப்படுகிறது, செய்தி முடிந்துவிடுகிறது. தாயோ தகப்பனோ இறந்த வீட்டில், நனைப்பதை எப்போதோ நிறுத்தியிருந்த 8 வயதுப் பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்கினால் அதை யார் கவனிப்பார்கள்? பேரிழப்புக்குப் பிறகு பிள்ளைகளிடம் தோன்றும் குறிகளாகப் பேரிடர் மனநலக் கையேடுகள் கெட்ட கனவு, ஒட்டிக்கொண்டே திரிதல் ஆகியவற்றோடு இதையும் சொல்கின்றன. அழத் தெரியாத பிள்ளையின் துக்கம் வெளிப்படும் வழிகளில் இதுவும் ஒன்று.

பழி யார் மேல்?

ஊரின் கணக்கு சிவகாசிக்கு மட்டும் உரியதில்லை. 1939 செப்டம்பர் முதல் வாரத்தில், ஜெர்மானியக் குண்டுகளுக்குப் பயந்து பிரிட்டன் தன் நகரங்களிலிருந்து சுமார் 15 லட்சம் பேரை நாட்டுப்புறத்துக்கு அனுப்பியது. அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். சில நாட்களிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்த வீடுகளிலிருந்து புகார் மழை: பிள்ளைகள் படுக்கையை நனைக்கிறார்கள். பத்திரிகைகள் எழுதின, நாடாளுமன்றம் பேசியது. சேரி வளர்ப்பு, ஒழுங்கில்லாத தாய்மார் என்று பழி ஏழைகள்மேல் போனது. நடந்தது வேறு. வீட்டைப் பிரிந்த பிள்ளைகள் சிலருக்குப் பழைய வழக்கம் திரும்பியிருந்தது; அதோடு, நகரத்து வீடுகளில் நாலு சுவருக்குள் மறைந்திருந்த சாதாரண எண்ணிக்கை முதன்முறையாக அயலார் கண்ணில் பட்டது. பலருக்கு ஊர் பழகியதும் குறைந்தது. கடைசியில் அரசு, படுக்கை துவைக்கும் செலவுக்கென்றே இடம் கொடுத்தவர்களுக்குக் கூடுதல் தொகை வழங்கியது.

எண்பது ஆண்டுக்கு முந்தைய அந்தப் பாடத்தை நம் விடுதிகள் இன்னும் படிக்கவில்லை. 2012 ஜூலையில், தாகூர் தொடங்கிய சாந்திநிகேதன் பள்ளியின் விடுதியிலேயே, படுக்கையை நனைத்த 10 வயதுச் சிறுமியைத் தன் சிறுநீரையே வாயில் வைக்கச் செய்ததாக விடுதிக் காப்பாளர்மேல் புகார் எழுந்து நாடே அதிர்ந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் ஒருசேரத் தடை செய்கிறது. சட்டம் அறிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நனைப்பது பிள்ளையின் குற்றம் இல்லை என்று அறிந்த காப்பாளர்கள் அந்த அளவுக்கு இல்லை.

1998இல் வெளிவந்த ஒரு டச்சு ஆய்வு பிள்ளைகளையே கேட்டது: உங்களுக்கு வரக்கூடிய துன்பங்களில் எது பெரிது? பெற்றோர் பிரிவதும் பெற்றோர் சண்டையும் முதலிரண்டு இடங்களைப் பிடித்தன. மூன்றாவது, படுக்கையை நனைப்பது. நனைக்கும் பிள்ளையிடம் தென்படும் கூச்சமும் ஒதுங்கலும் பெரும்பாலும் இதன் விளைவுகள். நனைவது நின்றதும் தன்மதிப்பு மீண்டதை வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கையிலிருக்கும் வைத்தியம்

எள்ளுருண்டை கொடுப்பது, மந்திரித்துக் கயிறு கட்டுவது, சூடு வைப்பதாக மிரட்டுவது, சில வீடுகளில் வைத்தேவிடுவது என்று ஊரில் பல வழிகள். எள்ளும் வெல்லமும் உடம்புக்கு நல்லது. இந்தக் குறையைத் தீர்க்க அது போதாது. கயிற்றால் தீங்கில்லை. சூடு குற்றம். நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிப்போய் அரைத் தூக்கத்தில் இருக்கச் செய்தால் அன்றைய பாய் தப்பும். பிள்ளை தானாக எழப் பழகாது.

நிரூபிக்கப்பட்ட வழிகள் மூன்று. முதலாவது, முன்சொன்ன தண்ணீர் ஒழுங்கு: பகலில் போதிய நீர், இரண்டு மூன்று மணிக்கொருமுறை கழிப்பறை, மலச்சிக்கலைத் தீர்ப்பது, படுக்குமுன் ஒருமுறை போய்வருவது. செலவில்லாதது, எல்லா வீட்டுக்கும் பொருந்தும். இரண்டாவது, ஈரம் பட்டதும் ஒலிக்கும் மணி. ஆஸ்திரிய மருத்துவர் ஃபௌண்ட்லர் 1904இல் தற்செயலாகக் கண்ட இந்த வழியை அமெரிக்காவின் மௌரர் தம்பதி 1938இல் முறையான சிகிச்சையாக்கினார்கள். இரண்டு மூன்று மாதம் விடாமல் பயன்படுத்தினால் மூவரில் இருவருக்கு நனைவது நிற்கிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தப் பலன் நிலைக்கிறது. விலை சில ஆயிரம் ரூபாய். அதைவிடப் பெரிய தடை, ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் மணி எல்லோரையும் எழுப்பிவிட்டு நனைத்தவனை மட்டும் தூங்கவிட்டுவிடுவது. தொடக்க வாரங்களில் பெரியவர் ஒருவர் எழுந்து பிள்ளையை எழுப்ப வேண்டும். மூன்றாவது, டெஸ்மோபிரெசின் மாத்திரை. குறைவாகச் சுரக்கும் ஹார்மோனின் வேலையை இது செய்கிறது. சுற்றுலா, விடுதி, உறவினர் வீட்டுக் கல்யாணம் போன்ற நேரங்களில் கைகொடுக்கும். மருத்துவர் சொன்னபடிதான் கொடுக்க வேண்டும். மாத்திரை போட்ட இரவில் தண்ணீர் அதிகம் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புவரை போகலாம்.

இவை எதுவும் விருதுநகருக்கு எட்டாதவை அல்ல. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாவட்டத் தலைநகரிலேயே இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் போகின்றன. அவர்கள் தேடும் 30 குறைகளின் பட்டியலில் இரத்தசோகை உண்டு, சொத்தைப் பல் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, இது இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வராது.

விருதுநகர் காமராசர் பிறந்த ஊர். பசித்த வயிறு பள்ளிக்கு வராது என்று கண்டு அவர் 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பிள்ளையின் உடம்பைப் பார்த்துப் பள்ளியைத் திருத்தும் வழக்கம் இந்த மாநிலத்துக்குப் புதிதில்லை. இப்போது கேட்பதற்கு அந்த அளவு பணமும் தேவையில்லை. பள்ளி மருத்துவக் குழு பெற்றோரிடம் தனியாக ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும். விடுதிகளில் மாற்று விரிப்பும், காப்பாளருக்கு ஒரு நாள் பயிற்சியும் இருக்கட்டும். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் பிள்ளையை எந்த ஆசிரியரும் உட்கார வைக்க வேண்டாம். வெடிவிபத்து நடந்த வீட்டுக்கு நிவாரணக் காசோலையோடு மனநல ஆலோசகர் ஒருவரும் போகட்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல். உங்கள் பிள்ளை வேண்டுமென்று நனைக்கவில்லை; தூங்கும்போது எவரும் எதையும் வேண்டுமென்று செய்வதில்லை. 7 வயதைத் தாண்டியும் தொடர்ந்தால், அல்லது நின்றது மறுபடி தொடங்கினால், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதுவரை கம்பை எடுக்காதீர்கள்; அண்ணன் தம்பி முன்னால் கேலி பேசாதீர்கள்.